செத்த மீன் சான்று சொல்லாது

புதுக்கோட்டை மாவட்டக் கரையிலுள்ள ஜெகதாப்பட்டினத்தின் பெயர் நாளேடுகளில் அடிபடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை விசைப்படகுகளைப் பிடித்துச் செல்லும். மீனவர்கள் சிறையில் அடைக்கப்படுவர். கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் வேலைநிறுத்தம் அறிவிக்கும். சென்னையிலிருந்து தில்லிக்கு ஒரு கடிதம் போகும். அந்தத் துயரத்தைச் சிறிதாக்கும் எண்ணம் நமக்கு இல்லை. ஆனால் அந்த ஆரவாரத்தில், அதே கடலில் கலப்பது என்ன, அது மீனை என்ன செய்கிறது என்ற கேள்வி அமுங்கியே கிடக்கிறது. படகு எந்தக் கோட்டைத் தாண்டியது என்று கண்காணிக்க இரண்டு அரசுகள் இருக்கின்றன. வலையில் ஏறிய மீன் எந்த நிலையில் உயிர் வாழ்ந்தது என்பதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரு விதியும் சொல்லவில்லை.

விதி சொல்வது இவ்வளவுதான். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளில் ஆறாம் அட்டவணை என ஒன்று உண்டு. ஆலைகள் வெளியேற்றும் கழிவுநீருக்குரிய பொது அளவுகோல்கள் அதில் அடங்கியுள்ளன. மீன் தொடர்பாக அதில் காணப்படுவது ஒரே வரி: கலப்பில்லாத கழிவுநீரில் மீன்களை விட்டு 96 மணி நேரம் வைத்திருக்க வேண்டும், நூற்றுக்குத் தொண்ணூறு மீன்கள் உயிரோடு இருந்தால் அந்த நீர் தேறியது. இதற்கென வகுக்கப்பட்ட இந்தியத் தர முறையில் பயன்படுவது வரிக்குதிரை மீன். விரல் நீளம்கூட இல்லாத நன்னீர்ச் சிறுமீன். அது உயிரோடு இருக்கிறதா, இல்லையா? சட்டத்தின் அக்கறை அங்கே முடிந்துவிடுகிறது. தொண்ணூற்றேழாம் மணியில் அந்த மீன் என்ன ஆயிற்று என்று கேட்கும் படிவம் எதுவும் கிடையாது.

உயிரோடு இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு. நம் வீட்டில் ஒருவர் சோர்ந்து போனால் அவர் இறக்கும்வரை காத்திருந்தா நோயை அறிகிறோம்? குருதி எடுத்துப் பார்க்கிறோம். மீனுக்கும் அதே வழி உண்டு. சொல்லப்போனால் மனிதனைவிட மீனுக்கே அது மிகவும் பொருந்தும். செவுளில் மீனின் குருதிக்கும் வெளி நீருக்கும் இடையே இருப்பது மயிரிழையினும் மெல்லிய ஒரு திரைதான். நீரில் கலந்த நஞ்சு வயிற்றுக்குப் போய்ச் செரிக்க வேண்டியதில்லை. மூச்சோடு மூச்சாகக் குருதிக்குள் இறங்கிவிடும்.

சோதனையும் அரிதான வித்தையன்று. சிறிதளவு கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மீனை மயங்கவிட்டு, ஈரத்துணியில் கிடத்த வேண்டும். குதத் துடுப்புக்குச் சற்றுப் பின்னே, அடிப்புறத்தின் நடுக்கோட்டில், முதுகெலும்பு தட்டும்வரை ஊசியைச் செலுத்தி மெல்ல இழுத்தால் வால் நாளத்துக் குருதி ஏறும். உறையாமலிருக்க ஹெப்பாரின் தடவிய குழலில் அதை வாங்கிக்கொண்டு மீனைத் திரும்ப நீரில் விட்டுவிடலாம். நூல்போன்ற கண்ணாடிக் குழலில் அதை ஏற்றிச் சுழற்றினால் அடியில் சிவப்பணுக்களும், அதன்மேல் மெல்லிய வெண்படலமும், மேலே வைக்கோல் நிறத் தெளிநீருமாகப் பிரிந்து நிற்கும். சிவப்புப் பகுதி வழக்கத்தைவிடச் சுருங்கியிருந்தால் சோகை. தெளிநீரே செந்நிறமாக இருந்தால், ஊசி போட்ட கை தவறாத பட்சத்தில், அணுக்கள் உடலுக்குள்ளேயே உடைந்திருக்கின்றன.

அடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மனிதச் சிவப்பணுவில் உட்கரு இல்லை. மீனின் சிவப்பணு நீள்வட்டமானது, நடுவில் உட்கருவோடு கூடியது. அதனால் மருத்துவமனையின் தானியங்கிக் கருவியில் மீன் குருதியை இட்டால் அது சிவப்பணுவை வெள்ளணு என்று எண்ணித் தள்ளும். கண்ணால் பார்த்து, கட்டம் கட்டமாக எண்ணத்தான் வேண்டும். உழைப்பு கூடுதல்தான், ஆனால் அந்த உட்கருவே நமக்குப் பெரிய உதவி. மரபுப் பொருளைச் சிதைக்கும் நஞ்சு தாக்கியிருந்தால், பெரிய உட்கருவுக்குப் பக்கத்தில் சிறு துணுக்கு ஒன்று தனியே ஒதுங்கி நிற்கும். ஆயிரம் அணுக்களில் எத்தனையில் அந்தத் துணுக்கு தென்படுகிறது என்று எண்ணினால், வெளியே வெள்ளி மின்னத் துள்ளும் மீனுக்குள் நடந்துகொண்டிருக்கும் கேடு தெரிந்துவிடும்.

இவை பொதுவான அடையாளங்கள். சில நஞ்சுகள் குருதியில் தம் கையெழுத்தையே இட்டுச் செல்லும். ஈயம் நுழைந்தால் சிவப்பணுவிலுள்ள ஒரு குறிப்பிட்ட நொதி ஒடுங்கும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பழைய ஈயச் சுரங்கங்களை ஒட்டிய ஆறுகளில் மீன்களின் குருதியில் அந்த நொதியை அளந்து பாதிப்பை மதிப்பிட்டார்கள். இங்கிலாந்தில் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களின் வாய்களில் ஆண் மீன்களைக் கூண்டிலிட்டு வைத்து, அவற்றின் குருதியில் முட்டைக்கருவுக்குரிய புரதம் பெருகியிருந்ததைக் கண்டனர். 1994-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பெண்மைச் சுரப்பின் தன்மை கொண்ட பொருள்கள் நீரில் கலந்திருந்ததே காரணம். அந்தப் புரதம் பெருகியிருந்த ஆண் மீன்கள் உயிரோடுதான் இருந்தன. நம் 96 மணிச் சோதனையில் அவை எந்தத் தடையுமின்றித் தேறியிருக்கும்.

ஜெகதாப்பட்டினக் கரைக்கு மிசௌரியும் இங்கிலாந்தும் எதற்கு என்று கேட்கலாம். அதே கரையில், மணமேல்குடி வட்டத்தில், இறால் பண்ணைகள் இருக்கின்றன. மீன் குருதியின் அறிவியல் அங்கே ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது, நன்மைக்காக அன்று. குளத்தில் இறால் குஞ்சு விடுவதற்குமுன், எஞ்சியிருக்கும் மீன்களை ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கு இடும் வழக்கம் பண்ணைக்காரர்களிடையே நெடுநாளையது. அதிலுள்ள சபோனின் என்னும் பொருள் மீனின் சிவப்பணுக்களை உடைக்கிறது. உயிர்வளியைச் சுமக்க ஆளில்லாமல் மீன் மேலே வந்து வாய் பிளந்து சாகிறது. இறாலின் குருதியில் சிவப்பணுவே கிடையாது. செம்பு கலந்த நீலநிறப் பொருளொன்றே உயிர்வளியைச் சுமக்கிறது. ஆகவே மீனைக் கொல்லும் அளவு இறாலைக் கொல்வதில்லை. குருதியின் வழியாக மீனைக் கொல்லலாம் என்பதைப் படிக்காத பண்ணைத் தொழிலாளியும் அறிவார். அந்தக் குருதியைப் பார்த்தே மீனைக் காக்கலாம் என்பதைப் படித்த அதிகாரிகள் ஏனோ இன்னும் கையில் எடுக்கவில்லை.

குளத்து நீர் வெளியே வரும்போது தீனி எச்சமும் கழிவும் அழுகி உண்டாகும் அம்மோனியா, நைட்ரைட்டு ஆகியவை உடன் வருகின்றன. நைட்ரைட்டு செவுள் வழியே புகுந்து ஹீமோகுளோபினை உயிர்வளி ஏற்காத வேறொன்றாக மாற்றிவிடும். குருதி காப்பித் தூள் நிறத்துக்குப் போய்விடும். கடல் நீரின் உப்பு இந்த நுழைவை ஓரளவு தடுக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் கழிமுகங்களில் உப்பு தணியும்போது அந்தக் காப்பும் தளர்கிறது. அம்மோனியாவின் கதை நேர்மாறு: நீரில் காரத்தன்மை கூடக் கூட அதன் நச்சும் கூடும், கடல் நீரோ இயல்பிலேயே காரமானது.

பாக் விரிகுடா ஆழமற்றது. தெற்கே இராமர் பாலத்துத் திட்டுகளும் வடக்கே ஒடுங்கிய நீரிணையும் அதை அடைத்து நிற்கின்றன. திறந்த வங்கக்கடலில் கலந்து கரையும் கழிவு இங்கே தங்கிச் செல்லும். தெற்கு வெள்ளாறு இங்குதான் வந்து சேர்கிறது. கல்லணைக் கால்வாயின் கடைமடை மும்பாலை, இதே மணமேல்குடிப் பகுதியில். டெல்டா வயல்களில் தெளித்தது எதுவாயினும் கடைமடைக்கு வரும் என்பது உழவர்க்குத் தெரியும். கடைமடைக்கும் கீழே ஒரு மடை உண்டு, அது கடல் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். கடற்பசு உயிர்வாழும் கடற்புல் வெளிகளும் இந்த விரிகுடாவில்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வரைபடத்தில் கோடிட்டால் நீர் கோட்டுக்கு வெளியே நிற்பதில்லை.

இறால் பண்ணை வழக்கின் வரலாற்றை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகநாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபுவழிப் பண்ணைகள் நீங்கலாக மற்றவற்றை அகற்றச் சொன்னது. ஓர் ஆணையம் அமைத்து, இயற்கைக்கு நேர்ந்த இழப்பை மதிப்பிட்டுக் கெடுத்தவரிடமே வசூலிக்கவும் சொன்னது. தீர்ப்பின் முதற்பகுதியை 2005-ஆம் ஆண்டின் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் பதம் பார்த்தது. பதிவு பெற்ற பண்ணைகளுக்கு மண்டலத் தடை நீங்கியது. பதிவில்லாப் பண்ணைக்கு அந்தச் சட்டம் வைத்திருந்த சிறைத் தண்டனையும் 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் போயிற்று. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடு 5 எக்டேரும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகளுக்கே கட்டாயம். நம் நாட்டுப் பண்ணைகளில் பெரும்பாலானவை அதற்குச் சிறியவை. பலருக்கும் தெரிந்த இந்தக் கதையைவிட நம்மை உறுத்துவது தீர்ப்பின் மறுபகுதி. இழப்பை மதிப்பிடு என்றது நீதிமன்றம். எதைக் கொண்டு மதிப்பிடுவது? செத்து ஒதுங்கிய மீனை நிறுத்து விலை போடலாம். வளராத மீனை, முட்டையிடாத மீனை, நோய்க்கு எளிதில் ஆளாகும் மீனை எந்தத் தராசில் ஏற்றுவது? அதற்குரிய அளவுகோல் குருதியில் இருக்கிறது. அதை எவரும் கேட்கவில்லை.

இதற்குச் சான்றாகச் சென்னையை அடுத்த எண்ணூரை எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினர். குழாய்க்கு அருகே கடல் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கவேண்டிய அம்மோனியா 49 ஆக இருந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது. அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து அந்தக் கழிமுகம் கறுத்திருந்தது. அடுத்தடுத்து விழுந்த இரண்டு அடிகளில் எது எவ்வளவு கெடுத்தது? உயிர் தப்பிய மீன்கள் எத்தனை மாதத்தில் தேறின? இதற்கு விடை சொல்ல முந்தைய ஆண்டின் குருதிக் கணக்கு கையில் இருந்தாக வேண்டும். செத்த மீனிடமிருந்து அதைப் பெற முடியாது. உயிர் போன சிறிது நேரத்தில் குருதி உறைந்துவிடும், அணுக்கள் உடைந்துவிடும். நாம் கரையில் குவிந்த மீனைப் படம் பிடிக்கும்போது சான்று அழிந்து நெடுநேரம் ஆகியிருக்கும்.

மீன் ஒதுங்குவதெல்லாம் நஞ்சினால் என்று எண்ணுவதும் பிழை. 2019 செப்டம்பரில் பாம்பன் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகி உயிர்வளி குன்றியதே காரணம் என்று மண்டபத்திலுள்ள கடல்மீன் ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். ஆலைமேல் ஐயம் கொள்ளத் தேவையில்லாத இடத்தில் ஆலையைக் காப்பதும் இத்தகைய அறிவுதான். பண்ணை உரிமையாளர்கள் இதைக் கருதிப் பார்க்க வேண்டும்.

நம் பல்கலைக்கழகங்கள் வாளாவிருந்தன என்று சொல்ல முடியாது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்து விலங்கியல் துறை உட்படப் பல துறைகள் கெண்டையையும் பிறவற்றையும் பூச்சிமருந்து கலந்த தொட்டியில் விட்டுக் குருதி மாற்றங்களைப் பதிவு செய்திருக்கின்றன. குளோர்பைரிபாஸ் என்ன செய்யும், செம்பு என்ன செய்யும் என்பதெல்லாம் அச்சில் உள்ளது. நம் மனக்குறை வேறு. பத்து மீன், நான்கு தொட்டி, ஒரு நஞ்சு, மூன்று பட்டியல் என்ற வாய்பாட்டில் பட்டத்துக்காக எழுதப்படும் ஆய்வேடுகள் மிகுந்துவிட்டன. தொட்டியில் கலக்கும் அளவு ஆற்றிலோ கடலிலோ காணாத அளவாகவும் இருப்பதுண்டு. அணு குறைந்தது, வெள்ளணு கூடியது என்று முடித்து அடுத்த நஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். கலை கைவந்தவர்கள் தொட்டியை விட்டுக் கரைக்கு வரவேண்டிய காலம் இது.

கரையில் வேலை கடினம் என்பதை ஒளிக்கக் கூடாது. மீனின் குருதி மிக எளிதில் கலங்குவது. துரத்திப் பிடித்த சில நிமிடங்களிலேயே சர்க்கரை ஏறிவிடும். சிவப்பணுக்கள் வீங்கி அளவைக் குழப்பும். இழுவலையில் மணிக்கணக்காக அடிபட்டு ஏலத்தளத்துக்கு வந்த மீனிடம் எடுத்த குருதி, வலையின் கொடுமையைச் சொல்லுமே தவிர நீரின் கொடுமையைச் சொல்லாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு உண்டு. சினைக் காலத்தில் மாறும். உப்பும் வெப்பமும் மாற்றும். பெரும்பாலான நேரங்களில் குருதி கேடு நேர்ந்தது என்று சொல்லுமே ஒழிய, கெடுத்தவர் பெயரைச் சொல்லாது. ஆகவே ஓரிடத்தில் ஒருமுறை எடுத்த குருதியைக் காட்டி ஒரு பண்ணையை மூடச் சொன்னால் அது நீதியன்று. ஒரே இனத்தை, ஒரே முறையில், கழிவு சேரும் இடத்திலும் சேராத இடத்திலும், ஆண்டுக்காண்டு பார்த்து வந்தால்தான் அந்த எண்களுக்குப் பொருள் உண்டாகும்.

மீனவர் தரப்பில் இதற்கொரு தயக்கம் எழும், அது நியாயமானதே. மீனில் நஞ்சு என்ற செய்தி பரவினால் மறுநாள் ஏலத்தில் விலை விழும். 2018-இல் பார்மலின் பற்றிய அச்சம் பரவியபோது சென்னைச் சந்தைகள் பட்ட பாடு நினைவிருக்கும். குற்றம் ஒருவருடையது, இழப்பு வலை இழுத்தவருடையது என்று ஆகிவிடக் கூடாது. மீனின் குருதியில் மாற்றம் தெரிவது வேறு, அதன் தசை மனிதர் உண்ணத் தகாததாக இருப்பது வேறு. முன்னது பல காலம் முன்னதாகவே வரும் எச்சரிக்கை. பாதரசம், ஈயம் போன்றவை தசையில் சேர்ந்துள்ளனவா என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. இரண்டையும் சேர்த்து எடுத்து, இரண்டின் முடிவையும் தமிழில், மீனவர் சங்கத்திடம் முதலில் சொல்லிவிட்டே வெளியிட வேண்டும்.

செய்யவேண்டியது என்ன? ஆறாம் அட்டவணையின் 96 மணி விதியை ஒன்றிய அரசு திருத்த வேண்டும். உயிர் எஞ்சிய மீன்களின் குருதி நிலையும் தேர்வுக்குரியதாக வேண்டும். குருதி எடுக்கப் போதாத வரிக்குதிரை மீனோடு கடலோர ஆலைகளுக்குக் கொடுவா, மடவை போன்ற உவர்நீர் மீன் ஒன்றையும் சேர்க்க வேண்டும். கடலோரப் பண்ணையின் பதிவு 5 ஆண்டுகளுக்கே செல்லும். புதுப்பிக்கும்போது அதன் வடிகால் வாயில் வாழும் மீன்களின் குருதிக் கணக்கைக் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையம் கேட்கலாம். 5 எக்டேருக்குக் குறைந்த சிறு பண்ணையாளர்மீது தனித்தனியே இந்தச் செலவைச் சுமத்துவது முறையாகாது. ஒரு கழிமுகத்தைச் சார்ந்த பண்ணைகள் கூட்டாக ஏற்கட்டும்.

தமிழ்நாடு அரசு இவற்றுக்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் 2012 முதல் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி ஆகிய மூன்று இடங்களில் மடவையைத் தேர்ந்துகொண்டு ஆண்டுக்கு இருமுறை குருதி எடுப்பது அவற்றின் ஆற்றலுக்கு உட்பட்டதே. சுழற்றும் கருவி, நுண்ணோக்கி, எண்ணும் கண்ணாடித் தகடு, பயிற்சி பெற்ற இரண்டு கைகள்: ஒரு விசைப்படகின் எஞ்சின் விலைகூட ஆகாது. மீனை அடிபடாமல் பிடித்துத் தருவதற்கு நாட்டுப்படகு மீனவரைவிடக் கைதேர்ந்தவர் இல்லை. அவர்களுக்கு அதற்கான கூலி கொடுக்கப்பட வேண்டும், நன்றி மட்டும் போதாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாட்கள் பயிற்சிக்கு உகந்த காலம். முதல் மாதிரி செப்டம்பருக்குள் எடுக்கப்பட்டாக வேண்டும். அக்டோபரில் மழைநீர் இறங்கிவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய அடிப்படைக் கணக்கு இன்னும் ஓராண்டு தள்ளிப்போகும்.